ஓரம் விடுபட்ட படம்

மகன் வாங்கி வந்த புதுச் செருப்பு டப்பாவைத் திறந்தேன். தோல் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. எனக்கு அது உன் சட்டையின் வாசனை; அந்த எட்டு நாளின் வாசனை.

நீ ஆம்பூரில் தோல் தரம் பிரிப்பவன். நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவன். எண்பதுகளின் கடைசி, சி.டி. மெஷின் வந்து கொஞ்ச நாள்தான். அதைத் தொட அனுமதி கிடைத்த சிலரில் நானும் ஒருவன் என்ற தலைக்கனம் வேறு. முதுகு வலி என்று நீ சீட்டோடு வந்தபோது, "தோஸ்த்துக்கு ஏ-ஒன்னா எடுத்துத் தரேன்டா" என்றேன்.

அந்த மெஷினில் எத்தனை பெரிய வட்டத்தைப் பிடித்தாலும் படத்துக்குப் புள்ளிகள் அதே எண்ணிக்கைதான். முழு வயிற்றையும் பிடித்தால் புள்ளிகள் பரவிப்போய் எலும்பு மங்கலாகும். வட்டத்தைச் சுருக்கினால் அத்தனை புள்ளியும் முதுகெலும்பின்மேல் விழும். படம் பளிச்சென்று வரும். முதலில் விரித்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சுருக்க வேண்டும். அன்று வெளியே கூட்டம். விரிக்காமலே சுருக்கிவிட்டேன்.

பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, "பாத்தியா, எவ்ளோ ஷார்ப்பு!" என்றேன். நீ நடுவைப் பார்க்கவே இல்லை.

"இன்னாடா இது, ஓரத்த வெட்டிட்ட? நாங்க முழுத் தோல விரிச்சுப் பாத்துட்டுதான் கிட்டக்க போவோம். கோளாறு ஓரத்துலதான் ஜாஸ்தி."

"முதுகு வலிக்கு முதுகத்தான்டா பாக்கணும். உன் வேலைய ஆம்பூர்ல வெச்சிக்க" என்று சிரித்தேன். எலும்பில் கோளாறில்லை என்று டாக்டர் மாத்திரை எழுதினார். நீ பஸ் ஏறிப் போய்விட்டாய்.

மறுநாள் காலை உன் பிலிமை உறையில் போடும்போதுதான் கண்ணில் பட்டது. வட்டம் வெட்டிய ஓரத்தில் சிறுநீரகத்தின் விளிம்பு புடைத்திருந்தது. மீதி எல்லாம் படத்துக்கு வெளியே. மெஷினில் இருக்கும் பதிவிலிருந்தே விரித்து மறுபடி படம் போடலாம் என்று ஓடினேன். அதற்குள் அடுத்த நோயாளிகளின் பதிவுகள் வந்து உன்னுடையதை அழித்துவிட்டிருந்தன.

டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விடுமோ என்று முதல் நாள் பயம். அடுத்த நாள், அது நான் நினைப்பதுதானோ என்ற பயம். ஒன்றும் இருக்காது, நிழலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டாம் நாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "முதல்ல ஆளக் கூட்டிட்டு வாய்யா" என்று கத்தினார்.

நான் ஆம்பூர் வந்தபோது நீ ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தோலை விரித்து வைத்திருந்தாய். நான் சொல்லி முடிக்கும்வரை உன் கை அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. திட்டுவாய் என்று காத்திருந்தேன்.

"எட்டு நாளா தனியா பயந்துகினு இருந்தியாடா, பேஜார் புடிச்சவனே? அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து பயந்திருப்போம்ல."

விரித்து எடுத்தோம். நான் பயந்த புற்றுநோய்தான். அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான் இருந்தாய். எட்டு நாளில் ஒன்றும் மாறியிருக்காது என்றார் டாக்டர். நான் அதை இன்றுவரை நம்பவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, எந்த அவசரத்திலும் விரித்துப் பார்க்காமல் வட்டத்தைச் சுருக்கியதில்லை.

போன வாரம் குளிக்கும்போது என் கழுத்தோரம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நிழலாக இருக்கும் என்று சொல்லத் தோன்றியது. ஈரம் துவட்டுமுன்பே மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாளை காலை ஸ்கேன். பழைய செருப்போடு வரவேண்டாம் என்று அவன்தான் இதை வாங்கி வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்; நாளைக்கான சீட்டைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் படிக்கிறான்.

ரொம்ப பயமாக இருக்கிறதுடா. நீ சொன்ன மாதிரி, ரெண்டு பேரும் சேர்ந்துதான் பயந்துகொண்டிருக்கிறோம்.