சின்னராசா பார்த்த மஞ்சள் மலை

புரட்டாசி, இரண்டாம் சனி.

கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வெளியே வந்தேன். சின்னராசா போனை நீட்டினான். கனடாவில் பான்ஃப் மலையாம். ஊசியிலை மரமெல்லாம் மஞ்சள் பூத்தது போல நிற்கிறது. நடுவில் இவன் தொப்பியோடு இளிக்கிறான்.

"ஆரடாப்பா கூட்டிக்கொண்டு போனது?"

"உன்ர மோன்தான்! நாங்கள் கல்கரியில இறங்க, ஏர்போட்டுக்கே காரோட வந்திட்டான். தங்கமான பிள்ளை. நீ இன்னும் போகேல்லையே?"

"ஓம், போனனான்" என்றேன். கோயில் வாசலில் நின்று பொய்.

பதினொரு வருடமாக மகன் அங்கே இருக்கிறான். என்னை வாவென்று கூப்பிட்டதில்லை; எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம். சின்னராசா என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

இரவு மகன் போன் எடுத்தான். கேட்கத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"அங்க குளிரோ தம்பி?"

"இல்லையப்பா, நல்ல வெயில்" என்றான்.