சைன் வீட்டில் ஒரு காஸ்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை என் கணவர் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பல வருடமாகப் பள்ளியில் கணக்கு நடத்திப் பிழைக்கும் எனக்கு. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன், பதில் பேச முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்குப் பாடம் ஊறும்.

அவரும் கணக்கு வாத்தியார்தான். அவர் பெரிய பள்ளியில் நிரந்தரம். நான் சின்னப் பள்ளியில் வருடா வருடம் புதுப்பிக்கப்படும் தற்காலிகம். ஆகவே வீட்டில் கணக்கு அவருடையது, பாத்திரம் என்னுடையது.

விஷயம் இதுதான். தேர்வில் ஒரு அலையின் படத்தைக் கொடுத்து அதன் சமன்பாட்டைக் கேட்பார்கள். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி: முதலில் அலையின் நடுக்கோட்டைப் பிடி. அங்கிருந்து உச்சி எவ்வளவு உயரம் என்று பார், அது வீச்சு. ஒரு முழு அலை முடிய எவ்வளவு ஆகிறது என்று பார். கடைசியாக, படம் எங்கே தொடங்குகிறது? நடுக்கோட்டில் தொடங்கி ஏறினால் சைன் எழுது. உச்சியில் தொடங்கினால் காஸ் எழுது. முடிந்தது, வீட்டுக்குப் போ.

"காஸ்னு தனியா ஒண்ணு எதுக்கு? எல்லாமே சைன்தான். கொஞ்சம் தள்ளி வெச்சா காஸ். பசங்கள குழப்பாத" என்றார்.

தள்ளி வைப்பதில்தானே குழப்பமே. இடப்பக்கம் தள்ளினால் கூட்டலா கழித்தலா என்று பாதிப் பேர் முழிப்பார்கள். வாயில் நுரையோடு இதைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கொப்பளித்துவிட்டுச் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது.

மார்ச் 7, வெள்ளி

தாளாளர் கூப்பிட்டனுப்பினார். பள்ளி அவருடையது, அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே பெரிய நாற்காலி போட்டிருக்கிறார்.

"டீச்சர், இந்த வருஷம் கணக்குல உங்க வகுப்பு மொத்தமும் பாஸ் ஆகணும். ஆச்சுன்னா உங்கள நிரந்தரமாக்கிடறேன். ஒருத்தர் போனாலும்..." மேசையில் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிவிட்டார். அது போய்ச் சுவரோரம் நின்றது. நானும் அப்படித்தான் நிற்பேனாம்.

கடைசி வரிசையை நினைத்தேன். அங்கே ஒருத்தி இருக்கிறாள், ஓவியர் என்பது நான் அவளுக்கு வைத்த பெயர். எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் அதற்கு இலை, கொடி, இரண்டு பறவை வரைந்து தருவாள். அழகாகவே இருக்கும். மார்க் போடத்தான் இடம் இருக்காது.

மார்ச் 20, வியாழன்

தேர்வு முடிந்தது. அலைக் கேள்வி வந்திருக்கிறது! பெரிய இராட்டினம் ஒன்று. அதில் உட்கார்ந்திருப்பவரின் உயரம் படமாக. உச்சி பதினான்கு மீட்டர், அடி இரண்டு மீட்டர், ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம். படம் தொடங்குவது உச்சியில். சட்டமாக உட்கார்ந்திருக்கிறது காஸ். நடுக்கோடு எட்டு, வீச்சு ஆறு.

"டீச்சர், அப்படியே நீங்க சொன்னதுதான்!" என்று வாசலில் கத்தினார்கள். ஆறு மார்க் கேள்வி. தள்ளாடுகிறவர்களை எல்லாம் கரையேற்றிவிடும். எனக்கு நடக்கும்போது கால் தரையில் படவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

திருத்தும் முகாம் தொடங்கியது. என் அறைக்கு முதன்மைத் தேர்வாளர் யார் என்றால், காலையில் துண்டு எங்கே என்று என்னிடம் கேட்ட அதே மனிதர். நாங்கள் கணவன் மனைவி என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒரு தெரு தள்ளியே என்னை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிட்டார். அறையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள்.

உள்ளே நுழைந்ததும், "வாங்க மேடம், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன் சார்.

ஏப்ரல் 9, புதன்

விடைக்குறிப்பைக் கொடுத்தார்கள். தயாரித்தவரும் அவர்தானாம். இத்தனை நாள் என்னிடம் மூச்சு விடவில்லை. ரகசியம் காத்தது சரிதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

இராட்டினக் கேள்விக்கு ஒரே விடை: சைன், பை பை டூ (π/2), அதாவது கால் அலை, தள்ளி வைத்தது. காஸுக்கு இடமே இல்லை. காஸ் எழுதினால் பூஜ்யம்.

எழுந்து நின்றேன். "சார், காஸ்ல எழுதினாலும் இதே அலைதான். எந்த நிமிஷத்த வேணா போட்டுப் பாருங்க. ரெண்டுலயும் ஒரே உயரம் வரும்."

"தெரியும் மேடம். ஆனா விடைக்குறிப்புல இல்லாததுக்கு மார்க் போட நமக்கு அதிகாரம் இல்ல."

"விடைக்குறிப்பே நீங்க எழுதினதுதானே சார்?"

அறையில் பேனாக்கள் எல்லாம் நின்றுவிட்டன. டிக்கெட் இல்லாமல் குடும்பச் சண்டை பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? ஓய்வு பெறப் போகிற ஒரு சார், அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் என் கணவர் அதைச் சொன்னார். "காஸ் எழுதினவங்க யார் ஸ்கூல் பிள்ளைங்கன்னு மேடத்துக்குத் தெரிஞ்சிருக்கும்போல. அதான் இவ்ளோ அக்கறை."

யாரோ சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன பேச்சு இது? பேர் இல்லாத பேப்பர், நம்பர் மறைச்ச பேப்பர் — அதுல என் பிள்ளைங்கள நான் தேடிப் பிடிச்சு மார்க் போடறேனாம்! பத்துப் பேர் முன்னால. கூட வாழற மனுஷன். இத வேற யாராவது சொல்லியிருந்தா செருப்பாலயே பதில் சொல்லியிருப்பேன்.

இரவுச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சூடு பண்ணத் தெரியாதாம். சைன் தெரியும்.

ஏப்ரல் 10, வியாழன்

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. முகாமில் நடந்ததோ இன்னும் விசேஷம். சரியான காஸ் விடைக்கெல்லாம் நான் சிவப்பு மையில் ஆறு போட்டேன். அவர் பச்சை மையில் அடித்துப் பூஜ்யம் போட்டார். நான் போட, அவர் அடிக்க, நான் போட, அவர் அடிக்க. இவ்வளவு ஒத்துழைப்போடு நாங்கள் எந்த வேலையும் சேர்ந்து செய்ததில்லை.

நாளை தேர்வுத் துறைக்கு என் பெயர் போட்டே முறையீடு கொடுக்கப்போகிறேன். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தக் கூத்து என்பார்கள். சொல்லட்டும். ஆமாம், என் வேலைக்காகவும்தான். எனக்கு லாபம் வருகிறது என்பதால் கணக்கு தப்பாகிவிடுமா?

ஆனால் அவர் பெயர் கெடும். அதை நினைத்தால் எழுதக் கை வரவில்லை. ஏன் வரக் கூடாது? அவருக்கு அடிக்கக் கை வந்ததே?

ஏப்ரல் 11, வெள்ளி

முறையீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

மத்தியானம் ஒரு கட்டு திருத்தி முடித்தேன். அவர் மறுபார்வைக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் கட்டில் காஸ் எழுதியவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் அவர் வழியில் சைன் எழுதி, தள்ளி வைக்கிற இடத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டிருந்தார்கள். கழித்தல் போட்டால் இராட்டினம் உச்சிக்குப் பதில் அடியில் கிளம்பும். ஆகவே அவர்களுக்கும் பூஜ்யம், அதை நானே போட்டிருந்தேன். அவர் புரட்டிக்கொண்டே போனார். தன் வழியில் வந்தவர்கள் தப்பு. சரியாக எழுதியவர்களைத் தானே அடித்தாகிவிட்டது. கட்டு முழுக்கப் பூஜ்யம்.

திரும்ப முதலிலிருந்து புரட்டினார். பச்சைப் பேனாவை மூடினார். திறந்தார். மூடினார்.

பிறகு எழுந்து, "ஒரு நிமிஷம் எல்லாரும் கவனிங்க. இராட்டினக் கேள்விக்குக் காஸ் விடையையும் ஏத்துக்கலாம். துறைக்குப் போன் பண்ணி எல்லா முகாமுக்கும், அடிச்ச பேப்பருக்கும் சேத்து அனுமதி வாங்கிடறேன்" என்றார்.

"நல்ல யோசனை சார், பெரிய மனசு" என்று முன்வரிசையில் ஒருத்தர் ஐஸ் வைத்தார். சரி, இதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வார் என்று நான் அடுத்த கட்டைப் பிரித்தேன்.

"என் யோசனை இல்ல சார். என் விடைக்குறிப்பு தப்பு. மேடம் சொன்னதுதான் சரி." காது சிவந்திருந்தது. "முந்தாநாள் அவங்கள நான் பேசினதும் தப்பு. அது அசிங்கமான பேச்சு. எல்லார் முன்னாலயும் பேசினேன், அதான் எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

இந்த மனிதரைத் திட்ட இரண்டு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையும் வீண். கட்டைப் பிரிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். முதல் பேப்பரே எனக்கு மங்கலாகத் தெரிந்தது.

மே 16, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. கடைசி வரிசை முழுக்க எல்லையைத் தொட்டு உள்ளே விழுந்திருக்கிறது. அந்த ஆறு மார்க் இல்லையென்றால் ஒன்றுகூடத் தேறியிருக்காது.

ஒருத்தி மட்டும் தேறவில்லை. ஓவியர்.

"அந்த இராட்டினக் கேள்விக்கு என்னம்மா எழுதின?" என்று போனில் கேட்டேன்.

"எழுதல டீச்சர். இராட்டினத்த வரைஞ்சேன். எல்லாப் பெட்டியிலயும் ஆள் உக்காத்தி வெச்சு." அழுகைக்கு நடுவே, "நேரம் போனதே தெரியல டீச்சர்" என்றாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை.

மே 19, திங்கள்

"ஒண்ணு போச்சே டீச்சர்" என்றார் தாளாளர். மற்ற அத்தனை பேரும் தேறியது அவர் காதில் ஏறவில்லை. இத்தனை வருட உழைப்புக்கு நன்றி என்றார். பள்ளிப் பெயர் பொறித்த ஒரு பேனாவும் கொடுத்தார். எழுதிப் பார்த்தேன், எழுதவில்லை.

பஸ்ஸில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதுகொண்டு வந்தேன்.

அவரிடம் சொன்னேன். வேறு எங்கே முயற்சி செய்யலாம், யாரைப் பார்க்கலாம் என்று பட்டியல் போடப்போகிறார் என்று காத்திருந்தேன். பட்டியல் வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சோறு அவரே வடித்தார். குழைந்துவிட்டது.

மே 23, வெள்ளி

ஓவியரின் அம்மா வந்திருந்தார். துணைத் தேர்வு வருகிறதாம், பிள்ளையை விட்டுவிடாதீர்களாம். கூட இன்னும் இரண்டு அம்மாக்கள், நான் பார்த்தே இராத பள்ளியிலிருந்து.

ஜூன் 12, வியாழன்

டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் இடம் போதவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டுத் தரையில் உட்கார வைத்தேன். கரும்பலகையை அவர்தான் ஆணி அடித்து மாட்டிக் கொடுத்தார், கொஞ்சம் கோணலாக. நேராக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அலைதானே வரையப்போகிறேன் என்றேன்.

ஓவியர் இப்போது அலையைத்தான் வரைகிறாள். உச்சியில் ஒரு பறவையை உட்கார வைத்து, பக்கத்தில் சமன்பாட்டையும் எழுதிவிடுகிறாள். பறவைக்கு நான் ஆட்சேபம் சொல்வதில்லை.

அடுத்த மாதம் தெருமுனையில் ஒரு அறையை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

சாயங்காலம் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கதவு பாதி திறந்தது. அவர், தோளில் பையோடு. வாசல் முழுக்கப் பிள்ளைகளின் செருப்பு. கால் வைக்க இடம் இல்லை.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

இந்தக் கணக்கு முடியட்டும் என்றேன். வெளியே நின்றார்.