இறங்குகிறவர்களுக்குப் பூ, ஏறுகிறவர்களுக்குச் சிப்பி

ஜனவரி 29, புதன்

பாலர் வகுப்பு அலமாரிக்குள் எலி குட்டி போட்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது ஆசிரியர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பு உதவியாளுக்கு அங்கே என்ன வேலை? மாலை கட்டுகிற வேலைதான். புது ஆசிரியர் வந்தாலும் பழையவர் போனாலும் மாலை என் பொறுப்பு.

மேல் வகுப்புக்கு ஆக்லாந்திலிருந்து ஆள் கிடைத்துவிட்டது, ஒரு வருட ஒப்பந்தம் என்றார் தலைமையாசிரியர் ஆபெராமா. எல்லோரும் கைதட்டினோம். பிறகு பெயரைச் சொன்னார். தெயினா.

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. தெயினா என் தங்கை. என் மகள் மெரெயானாவைப் பெற்றவள்.

வேறென்ன செய்ய? இன்னொரு தடவை கைதட்டினேன்.

ஜனவரி 30

இந்தத் தீவில் இது ஒரு அதிசயமே இல்லை. பாதி வீடுகளில் வளர்க்கக் கொடுத்த பிள்ளை உண்டு, யார் பெற்றது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும். எனக்குக் குழந்தை தங்கவில்லை. தெயினாவுக்குப் பதினேழு வயதிலேயே பிறந்துவிட்டது. தொப்புள்கொடி விழுவதற்குள் மெரெயானா என் மடிக்கு வந்துவிட்டாள். தெயினா படிக்கப் போனாள், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். கிறிஸ்துமஸுக்குப் போன் வரும். "சித்தி பேசறாங்க, வா" என்பேன். அவ்வளவுதான்.

கொடுத்தவள் திருப்பிக் கேட்கக்கூடாது. அது முறை. பிள்ளையே போகிறேன் என்றால் வளர்த்தவள் பிடித்து வைக்கக்கூடாது. அதுவும் முறைதான். இத்தனை வருடத்தில் இந்த இரண்டாவதை நான் நினைத்துப் பார்த்ததே கிடையாது.

என் வீட்டுக்காரர் நோரோவாவிடம் சொன்னேன். சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டே, "ஒரு வருஷம்தானே, மழை மாதிரி வந்துட்டுப் போயிடும்" என்றார். இந்த மனுஷனுக்கு எல்லாமே மழைதான்.

மெரெயானாவுக்கு ஒரே கவலைதான். "சித்தியைப் பள்ளிக்கூடத்துல எப்படிம்மா கூப்பிடறது?"

"டீச்சர்னு கூப்பிடு."

"வீட்ல?"

"வீட்லயும் அப்படியே கூப்பிடு. பழக்கமாகட்டும்."

பிப்ரவரி 4, செவ்வாய்

என்ன காரியம் செய்தேன் நான்!

இன்றைய விமானத்தில்தான் தெயினா வருகிறாள், அதே விமானத்தில்தான் பழைய ஆசிரியர் தெபோ போகிறார். அதனால் என் பெட்டியில் இரண்டும் இருந்தன. வருகிறவளுக்கு தியாரே பூமாலை, விடியற்காலையில் பறித்துக் கட்டியது. போகிறவருக்குச் சிப்பி மாலை. மழைக்குப் பிறகு பாறையில் ஏறுகிற மஞ்சள் நத்தையைப் பொறுக்கி, ஓடுகளை ஊசியால் ஒவ்வொன்றாகத் துளைத்துக் கோத்தது. இறங்குகிறவர்களுக்குப் பூ, ஏறுகிறவர்களுக்குச் சிப்பி. நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட இங்கே இது தெரியும்.

பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். தெயினா படியிறங்கி வந்தாள். மெலிந்திருந்தாள். நடையைப் பார்த்தேன், மெரெயானாவின் நடை. பெட்டிக்குள் கையை விட்டு எடுத்து அவள் கழுத்தில் போட்டேன். சிப்பி கலகலத்தது.

பாட்டு நின்றுபோயிற்று. பக்கத்து வீட்டுத் தோகோவாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "பொண்ணு இன்னும் கால்கூட ஊனலை. அதுக்குள்ள வழியனுப்பி வைக்கிறியே ஆகாயிதி!"

சிரிப்பு. தெயினா மட்டும் சிரிக்கவில்லை, மாலையைக் கழற்றவும் இல்லை. "இருக்கத்தான் வந்திருக்கேன் அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள்.

மிச்சமிருந்த பூமாலை தெபோவின் கழுத்துக்குப் போயிற்று. அவர் நல்ல மனுஷன். "பூ போட்டுட்டீங்க, அப்போ நான் திரும்பி வந்தே ஆகணும்" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு ஏறிப் போனார்.

கை தவறிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். தவறியதா? பூ ஈரமாக இருக்கும், சிப்பி குத்தும். தொட்டால் தெரியாதா எனக்கு?

மார்ச் 18

நல்லாத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். கெட்ட ஆசிரியையாக இருந்தால் வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

மே 20

மெரெயானா கூச்சக்காரி என்றுதான் ஊருக்கே தெரியும். யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன், பாவம், பிள்ளைக்கு வராது என்று. இன்று பள்ளிக் கூடுகையில் அவள் மேடையேறி, அப்பாவின் பன்றி தேவாலயத்துக்குள் புகுந்த கதையைச் சொன்னாள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தீவுகளுக்கிடையிலான பேச்சுப் போட்டிக்கு அவளைத்தான் பெரிய தீவான ராரோதோங்காவுக்கு அனுப்பப் போகிறார்களாம்.

தெயினாவைக் கேட்டேன். "என்னடி பண்ணினே அவளை?"

"ஒண்ணும் பண்ணலை அக்கா. கேட்டுட்டு, அவ பேசற வரைக்கும் காத்திருந்தேன்."

நான் ஒரு நாளும் காத்திருந்ததில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முதல் பரிசு! வானொலியில் பெயரைக் கேட்டதும் நோரோவா கிழங்குச் சட்டியைக் கீழே போட்டுவிட்டார். தோகோவா முதற்கொண்டு தெருவே எங்கள் வீட்டில்தான். நானும் ஆடினேன், பாடினேன். பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

போனில் மெரெயானா மூச்சு வாங்கப் பேசினாள். "பயந்து போயிட்டேம்மா. தெயினாம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

டீச்சர் இல்லை. சித்தியும் இல்லை.

ஆகஸ்ட் 23

தூங்கவில்லை.

செப்டம்பர் 30

இன்றைக்குக் கேட்டேவிட்டேன். துணி துவைக்கும் கல்லருகில், சோப்புக் கையோடு.

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தியா?"

தெயினா கையிலிருந்த துணியைப் பிழிந்து வைத்தாள். பிறகு, "பார்க்கணும்னு வந்தேன். கேக்க மாட்டேன் அக்கா. கேக்கற உரிமை எனக்கில்லை" என்றாள்.

"அவகிட்ட ஏதாவது சொன்னியா?"

"சத்தியமா இல்லை."

நம்புகிறேன். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கலாம், சின்ன வயதில் செய்தது போல. ஒழுங்காக நடந்துகொள்கிறவளிடம் என்ன செய்ய முடியும், சொல்லு? அவள் இந்த ஒரு தப்பைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறாள்.

டிசம்பர் 5, வெள்ளி

பரிசளிப்பு விழா. மண்டபம் வழிந்தது. பரிசு வாங்கிய பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர்கள் போட்ட மாலையில் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. கடைசியாக, இந்த வருடத்தின் சிறந்த மாணவி. மெரெயானா.

ஆபெராமா ஒவ்வொரு பிள்ளைக்கும் சொன்னதைத்தான் சொன்னார். "அம்மா வந்து முதல் மாலை போடலாம்."

நான் எழுந்தேன். ஆசிரியர் வரிசையில் தெயினாவும் எழுந்துவிட்டாள். யோசித்து எழுந்தது இல்லை, பார்த்தாலே தெரிந்தது, உடம்பு தானாக எழுந்திருக்கிறது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் முகம் சிவந்து உடனே உட்கார்ந்துவிட்டாள்.

போய் மாலை போட்டேன். மெரெயானா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் என் தோளுக்கு மேலாக அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்து திரும்பியதை என் கன்னத்தில் உணர்ந்தேன்.

விருந்தில் பன்றி இறைச்சி நன்றாக இருந்தது என்றார்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு

தேவாலயம் முடிந்து நடந்து வரும்போது மெரெயானா கேட்டாள். தெயினாவிடம் இல்லை, என்னிடம்தான் கேட்டாள்.

"அம்மா, தெயினாம்மா திரும்பிப் போறப்போ நானும் போகட்டுமா? அங்க படிக்கிறேன்."

தெயினா கேட்டால் சொல்வதற்கு ஒரு வருடமாகப் பதில் சேர்த்து வைத்திருந்தேன். இவளுக்கு ஒன்றுகூட இல்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவள் பேசட்டும் என்று காத்திருந்தேன்.

"நீங்க அழுதீங்கன்னா போகலை."

"நான் ஏன்டி அழறேன்? போ. நல்லாப் படி."

வீட்டுக்கு வந்து பன்றிக் கொட்டில் பின்னால் போய் அழுதேன். நோரோவா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

டிசம்பர் 16, செவ்வாய்

போயாச்சு.

சிப்பி மாலை கட்டியிருந்தேன். ஊரிலேயே நல்ல சிப்பி, மெரெயானாவும் நானும் போன மழையில் பொறுக்கியது. விமானத் திடலில் அதைத் தெயினாவுக்குப் போட்டேன். இந்தத் தடவை முறைப்படி. அவள் என் கையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "அக்கா" என்றாள்.

மெரெயானாவுக்குப் பூ போட்டேன். தியாரே, காலையில் பறித்தது.

"மறுபடியும் மாத்திப் போட்டுட்டியே?" என்றாள் தோகோவா. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் வாய் மூடியதைப் பார்த்தேன்.

மெரெயானா பூவைத் தொட்டுப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. "வருவேம்மா" என்றாள்.

ஜனவரி 4

மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டேன். நோரோவா மூன்றாவதில் தனக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 2, திங்கள்

மெரெயானா போன் செய்தாள். புதுப் பள்ளி பெரியதாம், தொலைந்துபோய்விட்டாளாம், வழி கேட்டுக் கண்டுபிடித்தாளாம். கேட்டாளாமே, என் பெண்! சளசளவென்று பேசினாள். நான் குறுக்கே பேசவில்லை.

மாலையைப் பற்றிக் கேட்டேன். காய்ந்திருக்கும், பரவாயில்லை, எங்கே மாட்டி வைத்திருக்கிறாய் என்று.

"அது இல்லம்மா. ஆக்லாந்துல இறங்கினதுமே பூவெல்லாம் உள்ளே கொண்டு போகக் கூடாதுன்னுட்டாங்க. அம்மாதான் கழட்டிக் குப்பைத் தொட்டியில போட்டாங்க. நான் அழுதேன்."

"சரி சரி, சட்டம்னா என்ன பண்றது" என்றேன். அதற்குத்தான் ஏறுகிறவர்களுக்குச் சிப்பி. இத்தனை வருடம் மாலை கட்டியவளுக்கு அது தெரியாதா?

அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மாதான் கழட்டி" என்பதிலேயே நான் நின்றுவிட்டேன்.

நாளைக்குப் புது ஆசிரியர் வருகிறார். பையனாம், வயது குறைவாம், கணக்கு நன்றாக வருமாம். ஆபெராமா ஞாபகப்படுத்திவிட்டுப் போனார், தயங்கித் தயங்கி, "பூமாலை" என்று. வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும்.