அம்மா பேசாதிருந்த நாற்பது நாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
அக்டோபர் 14

அன்பு மகள் ஷெரினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தந்த சுகத்தில் நானும் அப்பாவும் இருக்கிறோம், அதே சுகம் அயர்லாந்தில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் குறையாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே இரண்டு நாளாக நல்ல மழை, மலை கண்ணுக்கே தெரியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ அனுப்பிய ஸ்வெட்டரை இந்த ஊர் வெயிலில் எவன் போடுவான் என்று கேட்டவர், இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் பேப்பர் வாசிக்கிறார்.

ஒன்றரை மாதமாக அம்மா ஏன் போனை எடுப்பதில்லை, ஏன் வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதுகிறாள் என்று நீ அப்பாவிடம் சண்டை போட்டது எனக்குத் தெரியும். போனில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று அவர் சொன்னது பொய், அப்படிச் சொல்லச் சொன்னது நான், அவரைத் திட்டாதே. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பாதியில் நிறுத்திவிட்டு டிக்கெட் பார்க்காதே. ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்தே தொண்டை கரகரப்பாக இருந்தது உனக்கும் தெரியும், சாக்பீஸ் தூசி என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் குடித்தேன். ஆகஸ்டில் ஒருநாள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோனது, வாய் அசைகிறது, காற்றுதான் வருகிறது. மதுரையில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் ஒரு சிறு கட்டி இருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். நீ நர்ஸ், உனக்குச் சொன்னால் அந்தக் கட்டியைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரிந்து நீ தூங்கமாட்டாய், அதனால்தான் மறைத்தேன். தப்புதான், மன்னித்துக்கொள்.

எங்கள் தலைமை ஆசிரியை கனகலட்சுமி, “லீவு போட்டுட்டு வீட்டுல இருங்க டீச்சர், உங்களுக்கென்ன கிறுக்கா” என்றார்கள். வீட்டில் இருந்தால் அந்தக் கட்டியோடுதானே நாள் முழுவதும் இருக்க வேண்டும்? இரண்டு நாள் பார்ப்போம் என்று எழுதிக் காட்டிவிட்டு, வழக்கம்போல ராஜபாளையத்தில் இறங்கி செட்டியார்பட்டி டவுன் பஸ் பிடித்துப் போனேன். அஞ்சாம் வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள். கரும்பலகையில் எழுதினேன், கையைக் காட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை, சந்தைக்கடை போலக் கூச்சல். அப்போது பாண்டிசெல்வி எழுந்தாள். இவளைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், வகுப்பிலேயே பெரிய வாயாடி, பக்கத்துப் பிள்ளையோடு பேசக்கூடாது என்று ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்திருந்தேன் இல்லையா, அவள்தான். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி நின்று, “ஏலே சத்தம் போடாதிய, டீச்சர் நாப்பத்தெட்டாம் பக்கத்தை எடுக்கச் சொல்லுதாக, மொதக் கணக்கை வேண்டாமின்னுதாக, ரெண்டாவதைப் போடணுமாம்” என்றாள். நான் நினைத்தது அதேதான்! அவளுடைய அம்மா ஈஸ்வரி நூல் மில்லில் வேலை செய்கிறவள். மெஷின் சத்தத்தில் அங்கே யார் பேசினாலும் காதில் விழாதாம், எல்லாருக்கும் கைதான் பேச்சு, அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் பாதிக் கதை கையால்தான் என்றாள் பாண்டிசெல்வி. அன்றிலிருந்து மூன்று வாரம் அவள்தான் என் குரல். இந்தப் பிள்ளையை எத்தனை தடவை வாயை மூடு என்று அதட்டியிருப்பேன் என்று நினைத்தபோது வெட்கமாகப் போய்விட்டது.

பேசாமல் இருந்ததில் நான் கண்டதையும் உனக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கணக்குப் போடும்போது தங்களுக்குள்ளே முணுமுணுத்துக்கொள்வார்கள், வகுத்தலில் மீதி வராமல் முடிந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் டெஸ்க்குக்கு அடியில் ஒரு குட்டிக் கைதட்டல் கேட்கும். இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தி இதைக் கேட்டதே இல்லை, நான்தான் பேசிக்கொண்டே இருந்தேனே. கோயிலிலும் அப்படித்தான். பாடகர் குழுவில் நிற்க முடியாமல் அப்பா பக்கத்தில் வந்து நின்றேன், முதல் ஞாயிறு எனக்கு அழுகையாக வந்தது, ஆண்டவரே, உமக்குப் பாடின குரலைத்தானா எடுக்க வேண்டும் என்று கோபமும் வந்தது. அப்போதுதான் அப்பா பாடுவது காதில் விழுந்தது. ஷெரின், உன் அப்பாவுக்குச் சுதி என்பதே கிடையாதம்மா! சபை ஒரு வழியில் போகிறது, அவர் ஒரு வழியில் போகிறார், ஆனாலும் கண்ணை மூடி எவ்வளவு சந்தோஷமாகப் பாடுகிறார். இதையும் ஆண்டவர் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்று நினைத்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் சத்தம் இல்லாவிட்டாலும் நான் சொல்வது அவருக்குக் கேட்கும் என்று அன்று நம்பினேன். ஆனாலும் பயம் போகவில்லை, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டியது மறந்து நின்றுவிட்டேன். மாரிசாமி என்கிற பையன், “ஏட்டி, டீச்சர் என்ன சொல்லுதாக?” என்று கேட்டான். பாண்டிசெல்வி என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தாள். “ஒண்ணும் சொல்லலை லே. டீச்சருக்குப் பயமா இருக்கு” என்றாள். வீட்டிலும் கோயிலிலும் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை ஒன்பது வயசுப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லிவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், ஆமாம் என்று தலையாட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்து மேஜையைச் சுற்றி நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான், பெல் அடிக்கும்வரை நின்றார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஈஸ்வரி ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு ஓடிவந்தாள். “நீங்க உங்க சாமிகிட்ட கேளுங்க டீச்சர், நான் மாரியாத்தாவுக்கு நேந்திருக்கேன், ரெண்டு பக்கமும் கேட்டு வைப்போம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி ஆண்டவர் அனுப்பியது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

கட்டியை எடுத்தார்கள், பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது, கெட்ட கட்டி இல்லை. டாக்டர் சொன்னதும் அப்பா தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார், திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது, தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே இல்லை. அதன் பிறகும் சில நாள் மௌனம். பேசலாம் என்ற நாள் வந்ததும் முதல் வார்த்தையாக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்து வைத்திருந்தேன், ஆனால் காலையில் அடுப்பின் முன்னால் நின்ற அப்பாவைப் பார்த்து என் வாயில் வந்தது “ஏங்க, பால் பொங்குது!” அப்பா பாலையும் இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், பால் முழுவதும் அடுப்பில். ஆண்டவர் அதையே ஸ்தோத்திரமாக ஏற்றுக்கொண்டிருப்பார்.

போன திங்கட்கிழமை வகுப்பில் நானே பெயர் கூப்பிட்டேன். எல்லாரும் குதித்தார்கள், பாண்டிசெல்வி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, “இனிமே நான் வேண்டாமா டீச்சர்?” என்றாள். டாக்டர் குறைவாகத்தான் பேசச் சொல்லியிருக்கிறார், தினமும் தமிழ்ப் பாடத்தை நீதான் வாசிக்க வேண்டும் என்றேன். இப்போது முன்வரிசையில் அவளுக்கு இடம். வாசிக்கும்போது இடையில் சொந்தக் கதையும் சேர்த்துக்கொள்கிறாள், தடுக்க மனம் வரவில்லை. ஆண்டவர் எனக்கு இந்த வேலையையும் இந்தப் பிள்ளைகளையும் கொடுத்ததற்கு நன்றி சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன்.

நைட் டியூட்டி முடிந்ததும் சாப்பிடாமல் படுக்காதே, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையிடம் எங்கள் அன்பைச் சொல். ரிப்போர்ட்டை எல்லாம் அப்பா உனக்கு அனுப்புவார், நீயே பார்த்துக்கொள். உன் கையின் வேலையையும் உன் வீட்டு வாசலையும் கர்த்தர் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் மறக்காமல் போன் பண்ணு, ஐந்து நிமிஷம் பேச எனக்கு அனுமதி உண்டு. பழைய குரல் இல்லை, கொஞ்சம் ஆம்பிளைக் குரல் மாதிரி இருக்கும், யாரோ என்று நினைத்து வைத்துவிடாதே. அம்மாதான்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்
உன் அம்மா,
செல்லக்கனி சாம்சன்