அப்பா அணைத்த விசிறி

காரூட்
ஷவ்வால் பிறை பத்து

அன்புத் தம்பி எங்கோஸுக்கு அக்கா இமாஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் பெண்டாட்டி லிலிஸ், பிறந்திருக்கும் உன் மகள், உன் பழைய பியட் கார் மூவரும் நலம். தந்தியில் முதல் இருவரைப் பற்றி மட்டும்தான் சொன்னோம். பெண்டாட்டி பிள்ளைக்கு அடுத்தபடி காரை நினைத்து நீ கொரியாவில் தூக்கம் கெட்டுக் கிடப்பாய் என்று தெரியும். அதனால் நடந்ததை எழுதுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு படி.

பெருநாளுக்கு முந்தைய நாள் லிலிஸுக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே பாண்டுங் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். வாடகைக்கு ஒரு வண்டி கிடைக்கவில்லை. உன் மச்சான் ஜஜாங் பியட்டை வெளியே எடுத்தார். அந்தத் தகர டப்பாவை வாங்கியவனோடு பேச்சில்லை என்று முறுக்கிக்கொண்டிருந்த அப்பா, யாரும் கூப்பிடாமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நீ இன்ஜின் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி வைத்திருப்பதும், மேடு ஏறும் முன் டேஷ்போர்டு சுவிட்சைப் போட வேண்டும் என்பதும் மச்சானுக்கு நினைவிருந்தது. போட்டார். ஆனால் அந்த சுவிட்சின் மேல் வெள்ளைப் பெயிண்டால் 'விசிறி' என்று எழுதி வைத்த புத்திசாலி நீதானே? வினை அங்கேதான் இருந்தது.

அப்பா அதைப் படித்துவிட்டார். நம் ஊரில் காய்ச்சல் வந்தாலும் காற்று புகுந்துவிட்டது, வயிறு வலித்தாலும் காற்று புகுந்துவிட்டது என்பார்கள். அவரோ மழை பெய்யாத நாளிலும் கம்பளிச் சட்டை போடுகிறவர். சத்தமில்லாமல் சுவிட்சை அணைத்துவிட்டு, கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்.

நாக்ரெக் மேட்டில் பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவர்களின் வண்டிகள் மொய்த்துக் கிடந்தன. பாதி மேட்டில் பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. லிலிஸ் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

"யாரு இதை ஆஃப் பண்ணது?" என்று மச்சான் கத்தினார்.

"நான்தான். புள்ளத்தாச்சி மேல காத்து அடிக்கலாமா? உள்ள பூந்துரும்ல!" என்றார் அப்பா.

"ஐயோ மாமா, அது நமக்கு வீசுற விசிறி இல்ல. இன்ஜினுக்கு வீசுறது!"

அப்பாவின் முகம் செத்துவிட்டது. யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனிதர், இறங்கி ஓடி, சாலையோர தோஃபு கடைக்காரியைக் கெஞ்சி ஒரு வாளித் தண்ணீர் வாங்கி வந்தார். மச்சான் இன்ஜினை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டார். சூடு தணிந்ததும் தண்ணீர் ஊற்றினார். உன் டப்பா ஒரு முனகல் முனகிவிட்டு மேட்டை ஏறியது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை அழுத சத்தம் கேட்டபோது நானும் சேர்ந்து அழுதேன். வழி முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை.

இனி நீ கோபப்படும் இடம். மெக்கானிக் ஓச்சிமை வரவழைத்தோம். "இத்துனூண்டு சுவிட்சுல மொத்த கரண்டையும் விட்டிருக்கான் உங்க தம்பி. ஒயரு உருகிக் கெடக்கு. தீப்பிடிக்காம வந்து சேந்ததே பெரிசு" என்றார். இப்போது பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், நடுவில் பியூஸ், அந்தக் கரண்டைத் தாங்க ஒரு ரிலே. ரேடியேட்டரில் சூட்டை அறியும் ஒரு சுவிட்ச். தண்ணீர் கொதிக்கும் முன்பே விசிறி தானாக ஓடும், தானாக நிற்கும். ஒருநாள் சாவியை எடுத்த பிறகும் அது ஓடியது. சாவியும் கையுமாக நின்ற அப்பா பயந்து நாலடி பின்னால் போனார்.

டேஷ்போர்டு சுவிட்சுக்கு இனி வேலையில்லை. ஓச்சிம் அதைப் பிடுங்கப் போனபோது அப்பா கையைத் தட்டிவிட்டார். "அதுல கை வெக்காத. எம்மவன் வெச்சது."

எம்மவன் என்றார், எங்கோஸ். நீ போன பிறகு அந்த வாயிலிருந்து இதுதான் முதல் தடவை.

ஒயர் இல்லாத அந்த சுவிட்ச் இப்போது உன் மகளின் சொத்து. அவள் வீறிட்டால் அப்பா அவளைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு டக், டக் என்று தட்டுகிறார். கழுதை, உடனே அழுகையை நிறுத்திவிடுகிறாள். நாற்பதாம் நாள் முடியிறக்கம். முதல் கத்தரி யார் வைப்பது என்று கேட்டால் அப்பா வாசலைப் பார்க்கிறார். எப்படியாவது லீவு கேட்டுப் பார், தம்பி.

அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும். அங்கே குளிர் அதிகமாம். காற்றில் நிற்காதே என்று உனக்கு எழுதச் சொன்னார்கள். யார் சொன்னது என்று எழுத வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

உன் அக்கா,
இமாஸ்