கழற்ற மறந்த லூப் வயர்

செவ்வாய்க்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு.

சாய்ந்தமருதில ஒரு கிளினிக்கின்ட ஐ.எஸ்.டி.என் போன் லைன் காலையில திறந்ததில இருந்து வேலை செய்யல்ல என்டு போய்ப் பார்த்தேன். அவங்கட போன் பெட்டியில பச்சை லைட் எரிஞ்சது. கம்பி நல்லம், லைன் எழும்புற மூன்று அடுக்கில முதல் அடுக்கு சரி என்டு அர்த்தம். ரெண்டாம் அடுக்குதான் எழும்பல்ல. பெட்டி "இருக்கியா?" என்டு கேட்கணும், எங்கட டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் "ஓம்" என்டு சொல்லணும். அதுக்குப் பிறகுதான் மூன்றாம் அடுக்கில போன் கோலே போகும்.

ரிசெப்ஷனில இருக்கிற சிபானா அண்ணன் முறை வெச்சு மெதுவாத்தான் கேட்டா. "காக்கா, உங்கட பக்கம் ஏதும் பிழை இருக்குமா?"

"எங்கட பக்கம் ஒன்டுமில்ல. உங்கட பெட்டிதான் பழுது. யார் கை வெச்ச?"

எக்ஸ்சேஞ்சைப் பார்க்காமலே அப்படிக் கத்தினேன். டொக்டர் வெளியே வந்து, நோயாளிகளுக்கு முன்னால அவவை ஏசினார். நான் பேக்கைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு எக்ஸ்சேஞ்சில பார்த்தா, நேற்றுப் பின்னேரம் டெஸ்ட் பண்ண நான் போட்ட லூப் வயர் அந்த லைனிலயே கிடக்கு. பெட்டி கேட்ட கேள்வி பெட்டிக்கே திரும்பிப் போயிருக்கு. பச்சை லைட்டும் அதாலதான். கழற்றின உடனே லைன் எழும்பிட்டு.

கொஞ்சத்தில சிபானா கோல் எடுத்தா. "காக்கா, இப்ப வேலை செய்யுது. தரையைக் கூட்டக்குள்ள நான்தான் எதையோ தட்டிட்டேன் போல. மன்னிச்சிக்கங்க."

பெரிய மனுசன் மாதிரி, "பரவாயில்ல தங்கச்சி" என்டு சொன்னேன்.