சேக்காட்டிலிருந்து ஏரி வரை, மூன்று தாள்

2-1-1972, ஞாயிறு

பனி. ஆறரை மணிக்கும் எதிரே வரும் சைக்கிள் தெரியவில்லை, மணிச் சத்தம் மட்டும். யுத்தம் முடிந்து ஓவர்டைம் நின்ற பிறகு கிடைத்த முழு ஞாயிறு. துணியை ஊறவைத்துவிட்டுத் துவைக்காமல் கிளம்பினேன்.

வேலை: தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தின் நடைப் பயணத்துக்கு வழி அளப்பது. சேக்காட்டிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை. 23ஆம் தேதி நடை. பஸ் ரோட்டில் நடக்க மன்றம் எதற்கு? கரை, வயல், தோப்பு என்று உள்ளே போகும் வழி வேண்டும்.

பதினொரு வருஷமாக வரைபடப் பிரிவில் டிரேசர் நான். அடுத்தவர் பென்சிலில் போட்டதன் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து மையால் இழுப்பது. நானே நடந்து, நானே அளந்து, நானே போடப்போகும் முதல் படம் இது. நேற்றுச் சரியாகத் தூங்கவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதியாயிற்று.

அளக்கும் முறை: என் ஒரு காலடி இரண்டேகால் அடி. குவார்ட்டர்ஸ் வராந்தாவில் பத்து முறை நடந்து சரிபார்த்தது. நூறு காலடிக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு சுருக்குப்பையிலிருந்து இன்னொன்றுக்கு.

துணைக்குப் பக்கத்து வீட்டு சரோஜா. ஃபிட்டர் முனுசாமியின் மனைவி. அவள் அப்பா அம்மா இந்த வயல்களில் கூலிக்கு நட்டவர்கள், எந்த வரப்பு எங்கே போய் முட்டும் என்று கேட்காமலே சொல்கிறாள். கஷ்டம் என்னவென்றால் எதையுமே கேட்காமல் சொல்கிறாள். இரண்டு முறை எண்ணிக்கை தப்பி, திரும்பிப் போய் ஆரம்பித்தோம்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் எருமை மேய்ப்பவர் அவளை நிறுத்தினார். "இன்னாம்மே, கூட வர்ற அம்மா வாய்க்குள்ளயே முணுமுணுத்துகினு வருது. எதனா வேண்டுதலா?"

"ஆமா நைனா. நடுவுல பேசுனா சாமி கோச்சிக்கும். நீ கம்முனு போ."

சிரிப்பை அடக்கியதில் ஐம்பத்தேழாம் காலடியா ஐம்பத்தெட்டா என்று மறந்துபோனது. ஐம்பத்தெட்டு என்று வைத்துக்கொண்டேன்.

முதல் பகுதி: 48 கொட்டை. ஏரி தளும்பி நிற்கிறது. முக்குளிப்பான் ஏழு. நாரை எண்ண முடியவில்லை.

9-1-72, ஞாயிறு

வெயில் இதமாக. இரண்டாம் பகுதி: கரை முடிவிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து மெயின் ரோட்டோரமாக, ரோட்டை விட்டு இறங்கும் புளியமரம் வரை. 118 கொட்டை. பை கனத்தது.

வழியில் குறித்தவை:
சவுக்குத் தோப்பு (உள்ளே குளிர், ஊசி உதிர்ந்து தரை மெத்தென்று)
இரண்டு கமலைக் கிணறு, ஒன்று பாழ்
பூந்தமல்லிக் கோயில் குளம், பழைய மசூதி, வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் சுவர்
நாய் ஒன்று. குறிக்க வேண்டியதுதான், ஆள் பார்த்துக் குரைக்கிறது

மசூதி வாசலில் நின்று கல்லெழுத்தைப் பார்த்தோம். சரோஜாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனால் செதுக்கியவன் கை நடுங்காத கை. அது எனக்குத் தெரியும், அது என் தொழில்.

11-1-72, செவ்வாய்

மன்றக் கூட்டம். செயலாளர் தாமோதரன் சார். எங்கள் பிரிவின் சார்ஜ்மேனும் அவரேதான், ஆகவே காலையில் ஆபீசில் ஒரு முறை, மாலையில் மன்றத்தில் ஒரு முறை அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

முடிவு: ஆண்கள் பதினைந்து பேர் முன்னால். பெண்கள் ஏழு பேர் அரை மணி கழித்துப் பின்னால். "லேடீஸ் மெதுவா வரட்டும். முடியலன்னா பூந்தமல்லியில பஸ் ஏறிக்கலாம், தப்பில்ல." அவர் நடக்கவில்லை. சாப்பாட்டு வேனில் நேராக ஏரிக்கரைக்கு வந்து காத்திருப்பாராம். ஏற்பாடு செய்பவர் நடக்கக் கூடாது போலிருக்கிறது.

ஊசி நூல் வாங்க மறந்தேன்.

16-1-72, ஞாயிறு

மூன்றாம் பகுதி. பொங்கல் கரும்பு மிச்சம், கடித்துக்கொண்டே நடந்தோம். புளியமரத்தில் இறங்கி வயல் வழி. பனைகள். முள்ளுக்காடு. நடுவில் யாரும் சொல்லாத ஒரு கல் மண்டபம், நாலு தூண், ஒன்றில் மீன் செதுக்கியிருக்கிறது. உள்ளே ஆட்டுப் புழுக்கை. மண்டபத்தில் வழி பிரிகிறது. வலது ஏரிக்கரைக்கு. இடது எங்கே என்று சரோஜாவைக் கேட்டேன்.

"அது சம்புச் சேறுக்கா. கால வச்சா உள்ள இஸ்துக்கும். எங்கம்மா அங்கதான் கொலுச வுட்டுச்சி."

63 கொட்டை. மொத்தம் 229. கணக்குப் போட்டால் ஒன்பதே முக்கால் மைல்.

கரை ஏறியதும் தண்ணீர். எதிர்க்கரை தெரியாத தண்ணீர். சரோஜாவே பேசவில்லை, அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். இவ்வளவு தூரத்தையும் என் காலால் அளந்திருக்கிறேன். கர்வம்தான். இருக்கட்டும்.

19-1-72, புதன்

படம் முடிந்தது. சாப்பாட்டு இடைவேளைகளில் போட்டது, மூன்று தாள். நடக்கும் திசை தாளில் மேல்நோக்கி. வடக்குக் குறி போடவில்லை. வரப்பில் நடப்பவனுக்கு இடது, வலது போதும்.

20-1-72, வியாழன்

எழுதும்போதே கை சூடு.

எங்கள் படங்களில் கீழே ஒரு பெட்டி உண்டு. வரைந்தவர், டிரேஸ் எடுத்தவர், சரிபார்த்தவர் என்று கட்டங்கள். பதினொரு வருஷமும் என் இனிஷியல் இரண்டாவது கட்டத்தில் மட்டும். படத்தைத் தாமோதரன் சாரிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சாதாரணமாக, ஃபைலைப் புரட்டிக்கொண்டே: "வரைந்தவர்ல என் இனிஷியல் போட்டுடுறேம்மா. மன்றத்துப் படம், செயலாளர் பேர்ல இருக்கிறதுதானே முறை. டிரேஸ்ல நீங்க போட்டுக்குங்க."

சரி சார் என்றேன். ஏன் சரி என்றேன்? நாக்குக்குப் பழக்கம்.

21-1-72, வெள்ளி

பிரிண்ட். அம்மோனியா மிஷின் ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். நானே போட்டேன், ஒவ்வொரு தாளும் ஆறு பிரதி. நேரம் இல்லாததால் மூன்றாம் தாளில் கோடுகள் மட்டும். ஊர், மரம், மண்டபம் என்று பெயர்களையும் கீழே பெட்டியையும் பிறகு பிரதிகளில் கையால் எழுதினேன். ஆறு தாளிலும் வரைந்தவர் கட்டத்தில் அவர் இனிஷியல், டிரேஸ் கட்டத்தில் என்னுடையது. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு. அம்மோனியாவில் கண் எரிச்சல். அம்மோனியாதான்.

23-1-72, ஞாயிறு, மாலை

கால் வலி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஐந்தே முக்கால், சேக்காடு. ஆண்கள் பதினைந்து பேர் ஆறு செட் படத்துடன் கிளம்பினார்கள். பெண்களுக்குப் படம் இல்லை. "நீங்கதான் கூடவே இருக்கீங்களே" என்றார் தாமோதரன் சார், வேனில் ஏறிக்கொண்டே. அதுவும் நியாயம்தான்.

ஏழு பேரும் நடந்தோம். யாரும் பூந்தமல்லியில் பஸ் ஏறவில்லை. அதிகாரிகள் குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர் மட்டும் மசூதி வாசலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு "இன்னும் எவ்வளவு?" என்று கேட்டார். 81 கொட்டை என்று சொல்லிவிட்டு, பிறகு மூன்றரை மைல் என்று திருத்தினேன். எழுந்துவிட்டார்.

பத்தேகாலுக்குக் கரை ஏறினோம். வேன் இருந்தது. புளிசாதப் பாத்திரங்கள் இருந்தன. தாமோதரன் சார் இருந்தார். ஆண்கள் இல்லை.

"அவங்க எங்கம்மா?"

"எங்களுக்கு முன்னாலதான சார் போனாங்க."

பதினொன்று. பதினொன்றரை. அவர் கரையில் முன்னும் பின்னும் நடந்தார். அன்று அவர் நடந்த நடை அதுதான். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார்கள், எதிர்பாராத திசையிலிருந்து, முழங்கால் வரை கறுப்புச் சேறு. ஒருவர் கையில் ஒற்றைச் செருப்பு. சேற்றிலிருந்து ஏறி வழி கேட்டவர்களைக் காட்டுப்பாக்கம் போகிறவர்கள் என்று நினைத்து யாரோ ஒரு வண்டிக்காரர் வழி காட்டியிருக்கிறார்.

முனுசாமிதான் படத்தை நீட்டினான். "இன்னா சார் படம் இது? சோத்தாங்கை பக்கம் போட வேண்டிய வழிய பீச்சாங்கை பக்கம் போட்டுகீறீங்க. மண்டபத்தாண்ட திரும்புனோம், நேரா சேத்துல எறங்கிட்டோம். உங்க இனிஷியலுதான் கீது."

தாமோதரன் சார் படத்தை வாங்கக்கூட இல்லை. "நான் எங்கேப்பா வரைஞ்சேன்? கோமதி அம்மாதான் வரைஞ்சாங்க. நடந்தது, அளந்தது, ஒவ்வொரு கோடும் போட்டது எல்லாம் அவங்கதான். நான் சும்மா இனிஷியல் போட்டேன், அவ்வளவுதான்."

இருபத்திரண்டு பேர் முன்னால். வேன் டிரைவரோடு இருபத்து மூன்று.

நான் மூன்றாம் தாளை வாங்கிப் பார்த்தேன். மண்டபத்தில் இடப்பக்கம் ஏரி. என் கையெழுத்தில் அழகாக "ஏரிக்கரை" என்று வேறு. தாளைத் திருப்பி வெயிலுக்கு எதிரே பிடித்தேன். பின்பக்கமாகப் பார்த்தால் எல்லாம் சரி. டிரேசிங்கைக் குப்புறப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறேன். எழுத்து இருந்திருந்தால் இடவலம் மாறித் தெரிந்து கண்டுபிடித்திருப்பேன், எழுத்துதான் இல்லையே. பள்ளி முடித்து வந்த புது டிரேசர் செய்யும் தப்பு. பதினொரு வருஷம்.

சொன்னேன். "ஆமா. படம் நான் வரைஞ்சது. தப்பும் நான் பண்ணதுதான். மூணாவது தாளைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்துட்டேன்."

முனுசாமி தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "அப்போ தாள திருப்பிப் புடிச்சிகினு நடந்திருந்தா கரீட்டா வந்திருப்போமா?"

"அடி பிசகாம வந்திருப்பீங்க."

"அத மொதல்லயே சொல்ல வேணாமாக்கா" என்றான். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். புளிசாதப் பாத்திரம் அப்போதுதான் திறந்தது.

திரும்பும்போது ஆண்கள் முன்னால் போகவில்லை. சரோஜா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "நீ போக்கா முன்ன. இவங்கள நம்பி நான் வரமாட்டேன்." மண்டபத்தில் நிறுத்தி மீன் தூணைக் காட்டினேன். சேற்றுக்காலோடு பதினைந்து பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் கேட்டார், இத எப்படிங்க கண்டுபிடிச்சீங்க என்று. நடந்தேன் என்றேன்.

வெட்கமும் பெருமையும் சேர்ந்தே இருந்தன. பெருமை ஒரு கை கூடுதல். தப்பு வெளிப்பட்ட நாளில் இப்படி எழுதுவது முறையா தெரியவில்லை. அத்தனை பேர் காதிலும் "அவங்கதான் வரைஞ்சாங்க" என்று விழுந்ததே.

24-1-72, திங்கள்

எங்கள் பிரிவின் வழக்கம்: படத்தில் பிழை கண்டால் திருத்தி, என்ன பிழை என்று ஓரத்தில் எழுதி, வரைந்தவர் கையெழுத்திட வேண்டும். மூன்றாம் தாளைப் புதிதாகப் போட்டேன். ஓரத்தில்: "இடம் வலம் மாறியிருந்தது. சரிசெய்யப்பட்டது." வரைந்தவர் கட்டத்தில் இனிஷியல் இல்லை. முழுப் பெயர். கட்டம் சின்னது, எழுத்தை நெருக்கிப் போட வேண்டியிருந்தது. எப்படியோ அடங்கிவிட்டது.

மற்ற இரண்டு தாளிலும் அப்படியே மாற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை.

25-1-72, செவ்வாய்

தாமோதரன் சார் மேஜை அருகே வந்து நின்றார். படத்தைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார். போனார். பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார்.

"பிப்ரவரியில இன்னொரு பேட்ச் போறாங்களாம். சரிபார்த்தவர் கட்டம் காலியா இருக்கே. நான் போட்டுடட்டுமா?"

"போடுங்க சார். ஆனா நடந்து பாத்துட்டுப் போடுங்க."

சொன்னது நான்தான். பக்கத்து மேஜையில் பேனா நின்றது. அவர் முகம் எப்படி ஆனது என்று பார்க்கவில்லை, நான் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ரேஷன் சர்க்கரை வந்துவிட்டதாம்.

27-1-72, வியாழன்

ஒன்றுமில்லை. அவர் என்னோடு பேசுவதில்லை. வேலை மட்டும் வருகிறது, மூன்று படம் டிரேஸ். சரோஜா சொன்னாள், "பயந்துகினியா?" இல்லை என்றேன். கொஞ்சம்.

30-1-72, ஞாயிறு

மேகம். ஐந்தே முக்காலுக்குச் சேக்காடு போனேன், சும்மா பார்க்கலாம் என்று. தாமோதரன் சார் நின்றுகொண்டிருந்தார். புதுக் கான்வாஸ் ஷூ, கையில் மூன்று தாள், காதில் பென்சில்.

முதல் மைல் பேச்சில்லை. மூன்றாம் மைலில் சவுக்குத் தோப்புக்கு முன்னால் நின்று, "இங்க ஒரு வாய்க்கால் இருக்கு. படத்துல இல்லியே" என்றார். பார்த்தேன். இருந்தது. தையில் தண்ணீர் விட்ட புது வாய்க்கால், ஆனாலும் இருந்தது. குறித்துக்கொண்டேன். கோபம் வரவில்லை. உண்மையாகவே சரிபார்க்கிறார் என்று தெரிந்ததும் நடை லேசானது.

பூந்தமல்லி தாண்டி ஷூ கடித்தது அவருக்கு. நொண்டினார், நிற்கவில்லை. மண்டபத்தில் தாளைப் பார்த்தார், வழியைப் பார்த்தார், வலதுகையைத் தூக்கித் தனக்கே ஒரு முறை காட்டிக்கொண்டார். திரும்பினார்.

கரையில் மதகுச் சுவரில் உட்கார்ந்து மூன்று தாளிலும் சரிபார்த்தவர் கட்டத்தில் இனிஷியல் போட்டார். போடும் முன் மேல் கட்டத்தை வாய்விட்டுப் படித்தார், ஒவ்வொரு தாளிலும். "வரைந்தவர், சு. கோமதி." ஏரிக்காற்று. தாள் பறக்காமல் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.